ஒளித்துளைகள் விட்டுச்சென்ற சுவடு: கெர்பர் கோப்பு வடிவத்தின் வளர்ச்சி

மின்சுற்றுப் பலகையைக் கணினியில் வடிவமைப்பவர் ஒருவர். அதைச் செம்பும் கண்ணாடி இழையுமாக உருவாக்கித் தருவது வேறொரு தொழிற்சாலை. இவ்விரு தரப்புக்கும் இடையே பெரும்பாலும் கைமாறுவது கெர்பர் எனப்படும் கோப்புத் தொகுதியாகும். செம்பு அடுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒன்று, சால்டர் மாஸ்க் என்னும் காப்புப் பூச்சுக்கு ஒன்று, பலகையின் மேல் அச்சாகும் எழுத்துகளுக்கு ஒன்று எனக் கோப்புகள் தனித்தனியே வெளிவருகின்றன. துளையிடும் எந்திரத்துக்கான விவரம் பெரும்பாலும் எக்ஸலான் என்னும் மற்றொரு வடிவில் உடன் செல்கிறது. புதிதாகக் கற்பவரை மருட்டும் பல விந்தைக் கூறுகள் கெர்பர் வடிவத்தில் உண்டு. அவை இன்று புழக்கத்திலேயே இல்லாத ஓர் எந்திரத்தின் உறுப்புகளிலிருந்து பிறந்தவை என்பதை அறிந்தால்தான் இந்த வடிவத்தின் பலமும் குறையும் ஒருசேர விளங்கும்.

கணினி வழக்கத்துக்கு வருமுன், பலகையின் வரைபடம் ஒளிபுகும் தாளில் கறுப்பு நாடாவைக் கையால் ஒட்டி, உண்மை அளவினும் இருமடங்கோ நான்கு மடங்கோ பெரிதாக ஆக்கப்பட்டுப் பின்னர் புகைப்படக் கருவியால் சுருக்கப்பட்டது. இந்தக் கைவேலையை விலக்கியது ஒளிவரைவி. வியன்னாவில் 1924இல் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்து சேர்ந்த ஜோசப் கெர்பர் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம் 1960களில் இவ்வகை எந்திரங்களில் முன்னணி வகித்தது. இருட்டறையில் மேசைமீது ஒளிப்படச் சுருள் விரிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் நகரும் தலைப்பகுதியில் ஒரு விளக்கும், வட்டம், சதுரம் முதலிய வடிவங்களில் துளைகள் வெட்டப்பட்ட ஒரு சக்கரமும் இருக்கும். பல எந்திரங்களில் இச்சக்கரம் கொள்ளக்கூடிய துளைகள் 24 மட்டுமே.

கெர்பர் கட்டளைகள் இத்தலைப்பகுதியின் அசைவுகளையே பெயரிட்டன. டி01 என்றால் விளக்கை எரியவிட்டபடி நகர்தல், டி02 என்றால் அணைத்துவிட்டு நகர்தல், டி03 என்றால் ஓரிடத்தில் நின்று ஒருமுறை ஒளிர்தல். டி10 முதலான எண்கள் சக்கரத்தைத் திருப்பி வேண்டிய துளையை ஒளிக்கு நேரே நிறுத்தின. ஆகவே செம்புத் தடம் என்பது நகர்ந்த ஒளியின் சுவடு. உறுப்புகளைப் பற்றவைக்கும் பேட் என்பது ஒருமுறை ஒளிர்ந்ததன் பதிவு. சக்கரத்தில் இல்லாத வடிவம் தேவைப்பட்டால், சிறு துளையை முன்னும் பின்னும் ஓட்டி, சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் அப்பரப்பை நிரப்ப வேண்டியிருந்தது.

கட்டளை மொழியின் இலக்கணமோ உலோகம் கடையும் எந்திரங்களிடமிருந்து வந்தது. அவற்றுக்காக அமெரிக்காவின் எலக்ட்ரானிக் இண்டஸ்ட்ரீஸ் அசோசியேஷன் வகுத்த ஆர்எஸ்-274-டி தரத்தின் ஓர் உட்பிரிவாகத்தான் கெர்பர் நிறுவனம் தன் வடிவத்தை 1980இல் நூலாக வெளியிட்டது. இதில் எண்களுக்குத் தசமப் புள்ளி கிடையாது, சுழியங்களையும் விட்டுவிடலாம். 1500 என்னும் எண், முன்சுழியம் விடப்பட்டு, புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் எனக் கொண்டால் 0.15 அங்குலம், மூன்று இலக்கம் எனக் கொண்டால் 1.5 அங்குலம், முன்னால் இரண்டும் பின்னால் நான்கும் இலக்கங்கள் வைத்து, விடப்பட்டவை பின்சுழியங்கள் எனக் கொண்டால் 15 அங்குலம். எது சரி என்பதைக் கோப்பு சொல்லாது. எந்த எண்ணுக்கு எந்தத் துளை என்னும் பட்டியலும் கோப்புக்கு வெளியே, ஒவ்வொருவரும் தத்தம் மனம்போல் எழுதிய தாளிலோ தனிக் கோப்பிலோ இருந்தது. சக்கரத்தைக் கையால் மாற்றும் ஊழியர் அருகிருந்த காலத்தில் இது இயல்பான ஏற்பாடுதான். கோப்பு மட்டும் தனியே ஊர்விட்டு ஊர் சென்றபோதுதான் அது பிழைகளின் ஊற்றாயிற்று.

லேசர் கதிரால் படத்தைப் புள்ளிபுள்ளியாகப் பதியும் வரைவிகள் வந்தபின் சக்கரத்துக்கு வேலையில்லை. எனினும் கட்டளைகள் கைவிடப்படவில்லை; அவற்றின்மேல் புதிய கூறுகள் சேர்க்கப்பட்டு ஆர்எஸ்-274எக்ஸ் உருவாயிற்று. எண்ணமைப்பு, அளவலகு, துளைகளின் வடிவ வரையறை ஆகிய அனைத்தும் கோப்பின் உள்ளேயே இடம்பெற்றதோடு, பரப்பை அதன் எல்லைக்கோட்டால் மட்டுமே குறிக்கும் வழியும் பிறந்தது. இவ்வடிவம் கண்ட மாற்றங்களுள் இதுவே பெரியது என்று கூறத்தகும். ஏனெனில் கோப்பு முதன்முறையாக வெளித்துணையின்றித் தன்னைத்தானே விளக்கிக்கொண்டது. 1998இல் கெர்பர் சிஸ்டம்ஸ் பெல்ஜியத்தின் பார்கோ நிறுவனத்தின் வசமாயிற்று. பார்கோவின் மின்சுற்றுப் பலகைப் பிரிவே பின்னர் யூகாம்கோ என்னும் பெயர் பெற்று, இன்று இவ்வடிவத்தைப் பேணிவருகிறது.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. கெர்பர் கோப்பு படம் மட்டுமே. ஒரு வட்டம் உறுப்பைப் பற்றவைக்கும் பேடா, அடுக்குகளை இணைக்கும் வியாவா, எந்த மின்னிணைப்பைச் சேர்ந்தது என்பவை வடிவமைப்பு மென்பொருளுக்கு நன்கு தெரிந்தவை; ஏற்றுமதி செய்யும் கணத்தில் அவை உதிர்ந்துவிட, தொழிற்சாலைப் பொறியாளர் அவற்றைப் படத்திலிருந்து மீண்டும் ஊகித்தறிய வேண்டியிருந்தது. அறிந்ததை அழித்து, மறுபடி தேடவைக்கும் இவ்வழக்கம் உழைப்பின் பெருவிரயம். இதற்கு மாற்றாக இஸ்ரேலின் வேலர் நிறுவனம் 1990களில் உருவாக்கிய ஓடிபி++, 2004இல் முதன்முதல் வெளியான ஐபிசி-2581 ஆகியவை முழுப் பலகையையும் ஒரே தொகுப்பாகத் தருகின்றன.

கெர்பர் வடிவம் 2014இல் அளித்த விடை வேறுவகையானது. எக்ஸ்2 எனப்படும் பதிப்பு, படத்தைத் தொடாமல் ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு துளை வடிவத்துக்கும் பண்புக் குறிப்புகளைச் சேர்த்தது. குறிப்புகளைப் படிக்கத் தெரியாத பழைய மென்பொருளும் சரியான படத்தையே பெறும். பழைய மென்பொருள் தடுமாறக்கூடும் என அஞ்சுவோர் இக்குறிப்புகளை ஜி04 கட்டளைக்குள் வைக்கலாம். ஜி04 கடைசல் எந்திரங்களில் சற்று நிற்கச் சொல்லும் கட்டளை. கெர்பர் வடிவத்தில் பின்வருவதைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் கட்டளை. எக்ஸ்2க்குப் பின் அதுவே பேட் எது, வியா எது என்னும் பொருளைச் சுமந்து செல்லும் கட்டளையாகவும் ஆயிற்று. 2020இல் எக்ஸ்3 பதிப்பு உறுப்புகளின் இருப்பிடங்களையும் சேர்த்துக்கொண்டது. யாவரும் விலையின்றிப் பயன்படுத்தும் கீகேட் மென்பொருள் 2024இல் ஐபிசி-2581 வடிவையும், 2025இல் ஓடிபி++ வடிவையும் ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. அதே மென்பொருள் எழுதும் கெர்பர் கோப்பில், சக்கரமும் இருட்டறையும் மறைந்த பின்னும், முதல் துளையின் எண் டி10ஆகவே இருக்கிறது.