வாட்கின்ஸ் கிளென் ஸ்டாக் கார் பந்தயம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், செனெகா ஏரியின் தென்முனையை ஒட்டிய குன்றின்மேல் அமைந்த வாட்கின்ஸ் கிளென் ஓடுதளத்தில் நடைபெறும் கார் பந்தயம். நாஸ்கார் அமைப்பின் முதல்நிலைத் தொடரான கோப்பைத் தொடரைச் சேர்ந்தது. 1957இல் முதன்முதலாக நடந்தது. 1964, 1965 ஆண்டுகளில் மறுபடி நடந்து நின்றுபோனது. 1986 முதல், கொரோனா முடக்கிப்போட்ட 2020 நீங்கலாக, ஆண்டுதோறும் நடந்துவருகிறது. தடத்தின் நீளம் 2.45 மைல் (3.94 கி.மீ.), 2025இல் 90 சுற்றுகள், மொத்தம் ஏறத்தாழ 355 கி.மீ. விளம்பரதாரர் மாறும்போதெல்லாம் பந்தயத்தின் பெயரும் மாறும். ரசிகர்கள் வாயில் எப்போதும் அது 'கிளென்' தான்.

ஸ்டாக் கார் என்பது தொடக்கத்தில் கடையில் விற்கும் சாதாரணக் காரையே பந்தயத்துக்கு இறக்கியதால் வந்த பெயர். இன்று அந்தக் காருக்கும் கடைக் காருக்கும் வெளித்தோற்றத்தைத் தவிர ஒட்டுறவு கிடையாது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் வளர்ந்த இந்த விளையாட்டு பெரும்பாலும் நீள்வட்டத் தடத்தில் நடப்பது. அங்கே எல்லா வளைவும் இடப்பக்கமே. காரின் எடை, சக்கரங்களின் சாய்வு, டயர்களின் அளவு அனைத்தையும் அந்த ஒரே திசைக்காகச் செதுக்கிவைப்பார்கள். கிளென் போன்ற சாலைத்தடத்தில் இடமும் உண்டு, வலமும் உண்டு; ஏற்றமும் இறக்கமும் உண்டு. பல நீள்வட்டத் தடங்களில் பந்தயம் முழுக்க உயர் கியரிலேயே ஓட்டிவிடலாம். இங்கே சுற்றுக்குச் சுற்று கியரை மாற்றியாக வேண்டும். ஒன்றரை டன் எடையை நேர்பாதையின் முடிவில் இழுத்துப் பிடிக்கிற வேலை பிரேக்கின் தலையில் விழுகிறது. அதே ஓட்டுநர், அதே அணி. ஆனால் கேட்கப்படும் கேள்வி வேறு. இந்தப் பந்தயத்தின் சுவையே அதில்தான் இருக்கிறது.

கிளென் என்றால் குறுகிய பள்ளத்தாக்கு. அருவிகள் விழும் பாறைப்பிளவு ஒன்று ஊருக்கு நடுவிலேயே தொடங்குவதால் வந்த பெயர். அங்கே கார் பந்தயத்தைக் கொண்டுவந்தவர் கேமரன் ஆர்கெட்சிங்கர் என்ற சட்டக்கல்லூரி மாணவர். 1948 அக்டோபர் 2 அன்று ஊர்த்தெருக்களையும் மலைச்சாலைகளையும் இணைத்த 6.6 மைல் சுற்றில் முதல் பந்தயம் நடந்தது. பாதை ரயில் தண்டவாளத்தைக்கூடக் கடந்து சென்றது. ஃபிராங்க் கிரிஸ்வால்ட் ஆல்ஃபா ரோமியோ காரில் வென்றார். ஊரே தெருவோரம் நின்று பார்த்த அந்தத் திருவிழா நீடிக்கவில்லை. 1950இல் சாம் காலியர் என்ற ஓட்டுநர் இறந்தார். 1952இல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவன் கார் மோதி உயிரிழந்தான். பந்தயம் ஊரைவிட்டு மேட்டுநிலத்துக்குப் போனது, 1956இல் 2.3 மைல் நீளத்தில் நிரந்தர ஓடுதளம் எழுந்தது.

அந்தப் புதுத் தடத்துக்கு அடுத்த ஆண்டே ஸ்டாக் கார்கள் வந்தன. நாஸ்காருக்குச் சாலைத்தடம் முற்றிலும் புதிதல்ல. 1954இல் நியூ ஜெர்சியின் லிண்டன் விமானநிலைய ஓடுபாதைகளை வளைத்து ஒரு பந்தயம் நடத்தியிருந்தார்கள். அதில் ஆல் கெல்லர் ஜாகுவார் காரில் வென்றார். வெளிநாட்டு நிறுவனத்தின் கார் ஒன்று அத்தொடரில் மறுபடி வெல்ல 2008 வரை, டொயோட்டா வரும்வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. கிளென்னில் 1957 ஆகஸ்ட் 4 அன்று நடந்த 44 சுற்றுப் பந்தயத்தை பக் பேக்கர் வென்றார். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் தொடர்ப் பட்டம் வென்ற முதல் ஓட்டுநர் அவர். அந்த இரண்டாம் பட்டம் அந்த ஆண்டில்தான் கிடைத்தது.

1964இல் பில்லி வேட் வென்றார். அது அவருக்குத் தொடர்ச்சியான நான்காம் வெற்றி. ஆறு மாதம் கழித்து, 1965 ஜனவரியில், டேட்டோனாவில் டயர் சோதனை ஓட்டத்தின்போது அவர் உயிரிழந்தார். அந்த ஆண்டு கிளென்னில் மார்வின் பான்ச் வென்றபின் ஸ்டாக் கார்கள் இருபத்தோரு ஆண்டுகள் அந்தப் பக்கம் வரவில்லை. நாஸ்காரின் சாலைத்தட ஆட்டம் மேற்குக் கரையில், கலிபோர்னியாவின் ரிவர்சைடில், 1988 வரை உயிர்ப்புடன் இருந்தது.

இந்த இடைவெளியில் கிளென் உலகப்புகழ் பெற்றது. 1961 முதல் 1980 வரை அமெரிக்க ஃபார்முலா 1 பந்தயம் இங்கேதான். 1971இல் 'பூட்' எனப்படும் பகுதியைச் சேர்த்துத் தடத்தை நீட்டினார்கள். வரைபடத்தில் பார்த்தால் அது காலணி வடிவில் இருக்கும். 1973இல் பிரான்ஸின் ஃபிரான்சுவா செவேரும், 1974இல் ஆஸ்திரியாவின் ஹெல்முட் கோயினிக்கும் இரும்புத் தடுப்பில் மோதி மாண்டனர். கடன் சுமையில் ஓடுதளம் 1981இல் திவாலானது. 1983இல் கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன, அக்கம்பக்கத்து கார்னிங் நிறுவனம் கைகொடுத்தது. அடுத்த ஆண்டு கதவு திறந்தது. பெருநகரம் எதுவும் அருகில் இல்லாத அந்தச் சிற்றூரில் இன்றும் பந்தயம் நடக்கிறதென்றால் அந்தக் கைகொடுப்பே காரணம்.

1986 ஆகஸ்டில் ஸ்டாக் கார்கள் திரும்பின. டிம் ரிச்மண்ட் வென்றார். நாஸ்கார் பூட் பகுதியை விட்டுவிட்டுக் குறும்பாதையையே எடுத்துக்கொண்டது. தொடக்கக் கோட்டைத் தாண்டினால் இறக்கத்தில் வலப்பக்கம் செங்குத்தாக ஒடியும் முதல் வளைவு, பிறகு மேட்டில் ஏறியபடி பாம்பாக நெளியும் 'எஸ்' வளைவுகள், இருபுறமும் நீலநிற இரும்புத் தடுப்பு, அதன்பின் நீண்ட பின்நேர்பாதை. அந்தப் பாதையின் முடிவில் முழுவேகத்தில் வந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கேதான் எமன் காத்திருந்தான்.

1991 ஜூனில் அங்கே நடந்த விளையாட்டுக் கார் பந்தயத்தில் டாமி கெண்டல் அந்த வளைவில் மோதியதில் அவர் கால்கள் நொறுங்கின. ஆகஸ்ட் 11 அன்று நாஸ்கார் பந்தயத்தின் ஐந்தாம் சுற்றில், அதே இடத்தில், ஜே. டி. மெக்டஃபியின் கார் கட்டுப்பாடிழந்து டயர் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. அவர் அங்கேயே இறந்தார், வயது 52. கோப்பைத் தொடரில் 653 பந்தயங்களில் ஓடியும் ஒன்றில்கூட வெல்லாதவர் அவர். பெரிய பணமுதலீடு இல்லாமல், சொந்தக் கையால் காரைச் செப்பனிட்டு, கால் நூற்றாண்டுக்கும் மேலாக வாராவாரம் வந்துநின்ற மனிதர். அவர் வெற்றிக்கணக்கு பூஜ்யம் என்று மட்டும் எழுதிவைப்பது அநியாயம். முதலிடத்துக்கு ஓடும் பத்துப் பேரை மட்டும் வைத்து ஒரு பந்தயத்தை நடத்திவிட முடியாது. மெக்டஃபி போன்றவர்கள்தான் வரிசையை நிரப்பினார்கள்.

1992இல் அந்த வளைவுக்கு முன்பாக ஓர் ஒடிப்பைக் கட்டினார்கள். நேராகப் பறந்துவரும் காரை வலமும் இடமுமாக மடக்கி வேகத்தைக் குறைக்க வைக்கும் அமைப்பு. அதற்கு 'உள்வளையம்' என்று அலுவல் பெயர். எல்லோரும் சொல்வது 'பஸ் ஸ்டாப்'. தடம் 2.45 மைலானது அப்போதுதான்.

அதற்குப் பிந்தைய ஆண்டுகள் நீள்வட்டக்காரர்கள் சாலைத்தடத்தைக் கற்றுத்தேர்ந்த காலம். மார்க் மார்ட்டின் 1993 முதல் 1995 வரையும், ஜெஃப் கார்டன் 1997 முதல் 1999 வரையும் தொடர்ந்து மும்முறை வென்றனர். இருவருக்கும் இடையில் 1996இல் வென்ற ஜெஃப் போடைன், அருகிலுள்ள செமங் ஊர்க்காரர். டோனி ஸ்டூவர்ட் 2002க்கும் 2009க்கும் இடையில் ஐந்து முறை வென்றது இன்றுவரை சாதனை. 2000இல் இரண்டாம்நிலைத் தொடரின் பந்தயத்தில் இளைஞர் ஜிம்மி ஜான்சனுக்கு முதல் வளைவில் பிரேக் போனது. காரோடு நுரைத்தடுப்புக்குள் பாய்ந்தவர், சற்றுநேரத்தில் வெளியே வந்து கார் கூரைமேல் ஏறிக் கைகளை உயர்த்தினார். பின்னாளில் ஏழு முறை பட்டம் வென்ற அவருக்கும் கிளென் வெற்றி மட்டும் கடைசிவரை வாய்க்கவில்லை.

அதே காலத்தில் அணிகள் சாலைத்தட வல்லுநர்களை ஒரு நாள் வாடகைக்குப் பிடிப்பதுபோல் வரவழைத்தன. கனடாவின் ரான் ஃபெலோஸ், அமெரிக்கரான போரிஸ் செய்ட் இருவரும் அவர்களில் முதன்மையானவர்கள். ஃபெலோஸ் இங்கே இரண்டாம்நிலைத் தொடரில் 1998, 2000, 2001 என மூன்று முறை வென்றவர். கோப்பைப் பந்தயத்திலோ 1999, 2004 இரண்டிலும் இரண்டாமிடம். வளைவை அறிந்தவருக்கும் ஸ்டாக் காரை அறிந்தவருக்கும் இருந்த இடைவெளி அவ்வளவு மெல்லியது. அதைத் தாண்டியவர்கள் தொடரில் முழுநேரமாக வந்து தங்கிய வெளிநாட்டவர்கள். 2010இல் கொலம்பியாவின் முன்னாள் ஃபார்முலா 1 வீரர் ஹுவான் பாப்லோ மோன்டோயா, 2011, 2012இல் மார்கோஸ் ஆம்ப்ரோஸ். கோப்பைத் தொடரில் வென்ற முதல் ஆஸ்திரேலியர் ஆம்ப்ரோஸ்தான்.

2012இன் கடைசிச் சுற்றைப் பார்த்தவர்கள் மறப்பதற்கில்லை. ஒரு கார் எண்ணெயைச் சிந்திக்கொண்டே ஓடியது. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடி வரவில்லை. முன்னணியில் இருந்த கைல் புஷ் வழுக்கினார். பிராட் கெசலோவ்ஸ்கியின் கார் தொட்டதும் சுழன்றே போனார். கெசலோவ்ஸ்கியும் ஆம்ப்ரோஸும் புல்லிலும் எண்ணெயிலும் சறுக்கியபடி ஒருவரையொருவர் முந்திக்கொண்டு வர, இறுதியில் ஆம்ப்ரோஸ் முந்தினார்.

வேகத்துக்கு நிகராகக் கணக்கும் இங்கே வெல்லும். சுற்று நீளமாக இருப்பதால், எரிபொருள் நிரப்பவும் டயர் மாற்றவும் நின்றாலும் ஒரு முழுச் சுற்றை இழக்க வேண்டியதில்லை. ஆகவே அணிகள் முடிவுக்கோட்டிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்தச் சுற்றில் கடைசியாக நின்றால் தொட்டி தாங்கும் என்று பார்க்கின்றன. 2018இல் அந்தக் கணக்கு நூலிழையில் நின்றது. துரத்திவந்த மார்ட்டின் ட்ரூயெக்ஸுக்குக் கடைசிச் சுற்றில் எரிபொருள் தீர்ந்தது. வென்ற சேஸ் எலியட்டின் காரோ கோட்டைத் தாண்டியபின் நின்றுவிட, ஜான்சன் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். எலியட்டின் முதல் வெற்றி அது. தந்தை பில் எலியட்டின் முதல் வெற்றியும் சாலைத்தடத்தில்தான், 1983இல் ரிவர்சைடில்.

2022இல் புதுத்தலைமுறைக் கார் வந்தது: ஐந்து கியர், தனித்தனியாக இயங்கும் பின்சக்கரத் தொங்கல், பெரிய பிரேக். அந்த ஆண்டு ஈரத்தடத்தில் மழை டயரோடு பந்தயம் தொடங்கியது. முன்னாள் ஃபார்முலா 1 உலக வாகையர் கிமி ரைக்கோனன் வந்து ஓடினார். கைல் லார்சன் தொடர்ந்து இரண்டாம் ஆண்டாக வென்றார். வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பழைய காரைவிட இந்தக் கார் கைக்குப் பழகியதாக இருந்தது. நியூசிலாந்தின் ஷேன் வான் கிஸ்பெர்கன் அதை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டார்.

2024 செப்டம்பரில் அவர் கடைசிச் சுற்றில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தார். பஸ் ஸ்டாப்பில், மெக்டஃபி இறந்தபின் கட்டிய அந்த ஒடிப்பில், அவர் கார் தடுமாறியது. கிறிஸ் பூஷர் உள்ளே புகுந்து, அடுத்த வளைவில் பக்கத்தோடு பக்கம் ஓடி முந்திவிட்டார். ஓராண்டு கழித்து 2025 ஆகஸ்டில் வான் கிஸ்பெர்கன் திரும்பி வந்தார். அந்த ஒடிப்பை இம்முறை பிசகாமல் கடந்து, 11 விநாடி இடைவெளியில் வென்றார்.