மனோராவும் தோல்பாவைக் கூத்தும்



சென்ற வாரம் பேரப்பிள்ளைகளை மனோராவுக்கு அழைத்துப் போயிருந்தேன். "இதை யார் தாத்தா கட்டினது?" என்று கேட்டார்கள். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக இரண்டாம் சரபோஜி மன்னர் 1814இல் கட்டியது என்றேன். "நெப்போலியன் நம்ம ஊருக்கு வந்தாரா?" என்றாள் சின்னவள். எவ்வளவு சொல்லியும் அவளுக்கு விளங்கவில்லை. கூத்துக்காரர்கள் என்றால் ஒரே இரவில் விளங்க வைத்திருப்பார்கள் என்று தோன்றியது.

தஞ்சையில் மராட்டியர் ஆட்சி 1670களில் ஏகோஜியோடு தொடங்கி 1855இல் முடிந்தது. அந்த ஆட்சிக் காலத்தில் இங்கு வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள், தோல்பாவைக் கூத்து நடத்தும் மண்டிகர் சமூகத்தார். வீட்டில் பேசுவது மராத்தி, திரையில் பேசுவது தமிழ். இன்று மிஞ்சியிருக்கும் குழுக்கள் பெரும்பாலும் மதுரை, கன்னியாகுமரிப் பக்கம்தான் இருக்கின்றன.

ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, உருவம் வெட்டி, நகைக்கும் உடைக்கும் சிறு துளைகள் இட்டு, வண்ணம் தீட்டுவார்கள். வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு. எல்லாப் பாவைகளையும் ஆட்டி, எல்லோருக்கும் குரல் கொடுப்பது ஒரே ஆள். ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ராவுக்கு வீட்டு ஆட்களே. இராமாயணம் பல இரவுகள் ஓடும். நல்லதங்காள், அரிச்சந்திரன் கதைகளும் உண்டு. நடுவில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து அந்தந்த ஊர்ச் சங்கதியைப் போட்டு உடைப்பார்கள். பிள்ளைகள் காத்திருப்பதே அதற்குத்தான்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு குடும்பம் எங்கள் பக்கம் வந்தது. அறுத்த வயலில் திரை கட்டினார்கள். டிக்கெட் கிடையாது. ஊரார் நெல்லும் அரிசியும் கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பையன் சில நாள் என் வகுப்புக்கு வந்தான். எழுத்துக் கூட்டக்கூடத் தெரியவில்லை என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். பட்டாபிஷேகத்து இரவு திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அப்பாவுக்கு அடுத்தடுத்த பாவையை வரிசை தவறாமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்பா சொல்லும் வசனமெல்லாம் அவன் வாயிலும் ஓடியது. மறுநாள் முன் பெஞ்சுக்குக் கூப்பிட நினைத்தேன். விடிவதற்குள் வண்டி கட்டிப் போய்விட்டார்கள்.

இந்தக் கலையில் புதுக்கதை சொல்ல முடியாது என்று நினைக்க வேண்டாம். கேரளத்தில் கம்பராமாயணத்தைத் தோல்பாவையில் நடத்தும் பரம்பரையைச் சேர்ந்த ராமச்சந்திரப் புலவர் காந்தி கதையையும் நடத்தினார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நம்மிடம் மட்டும் கதை இல்லையா? மனோரா இருக்கிறது. மேட்டூர் அணையை ஒட்டி 1934இல் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்து, நம் கடைமடை நிலம் நெல் கண்ட கதை இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்த கதை இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் நாம்தான்.

வரும் சித்திரையில் நீலகண்டப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு எப்படியும் எல்லோரும் ஊருக்கு வருவீர்கள். அப்போது ஒரு மாலை, திறந்த வெளியில், ஒரு குழுவை அழைத்து இதை நடத்தலாம். பார்க்கிறவர்களுக்குத்தான் இலவசம். ஆடுகிறவர்களுக்கு உரிய கூலியை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். முதல் பங்கு என் பென்ஷனிலிருந்து. கதையை நான் எழுதித் தருகிறேன், உச்சிக்குடும்பன் பேச்சை மட்டும் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. அந்தப் பையனின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. அந்த வகுப்பில் இருந்த யாருக்காவது நினைவிருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.