மொகஞ்சதரோ மனைகளும் நிலத்தடி ஓதமும்

‘ஓதம்’ என்னும் சொல் தமிழில் இருபொருள் தாங்கி நிற்கின்றது. பழைய இலக்கியங்களில் அது கடலின் அலையையும் பெருக்கையும் குறிக்கும். இன்றைய வீட்டு வழக்கில், தரையினின்றும் சுவரில் ஏறி நிற்கும் ஈரத்தைக் குறிக்கும். கடற்கரையிற் கண்ட ஏற்றத்தையே சுவரிலுங் கண்டு, அதே பெயரால் வழங்கினர் நம் முன்னோர் எனக் கருத இடமுண்டு. நீர் மேனின்று கீழ்நோக்கி ஒழுகுவது யாவரும் அறிந்தது. கீழ்நின்று மேனோக்கி ஏறுவதே வீடு கட்டுவோர்க்குப் பெருந்தொல்லை. இத்தொல்லையைப் பண்டை நகரம் ஒன்று எவ்வாறு எதிர்கொண்டது என்பதும், அகழ்ந்தெடுக்கப்பட்ட பின்னர் அந்நகரமே அதற்கு இரையாகி வருவது ஏன் என்பதும் இக்கட்டுரையின் பொருளாகும்.

அந்நகரம் சிந்து ஆற்றங்கரையிலுள்ள மொகஞ்சதரோ. இராக்கல்தாசு பானர்ஜி 1922-இல் அதன் அகழ்வினைத் தொடங்கினார். சர் ஜான் மார்ஷல் 1924-இல் உலகிற்கு அறிவித்தார். பின்னர் மக்கே பல்லாண்டு அகழ்ந்து, வீடுவீடாக விளக்கமெழுதினார். தமிழில் டாக்டர் மா. இராசமாணிக்கனார் நூலால் இச்செய்திகள் நம்மவர்க்கு அறிமுகமாயின. அந்நகரத்தார் பேசிய மொழி யாது என்னும் வழக்கிற்குள் ஈண்டுப் புகவில்லை. அவ்வழக்கில் நாம் செலவிட்ட மையிற் பத்திலொரு பங்கினை அவர்தம் சுவரும் சாக்கடையும் பெற்றில என்பது மட்டும் கூறி அமைவேன்.

சிந்துவெளி மக்கள் ஓதத்தைத் தடுக்கும் முறையை இன்றைய கட்டடக்கலைஞர் போன்றே அறிந்திருந்தனர் என்றும், அதற்கு அவர்கள் பயன்படுத்திய நிலக்கீலே சான்று என்றும் பொதுநூல்கள் சில கூறும். இக்கூற்று ஆராய்தற்குரியது. நிலக்கீல் ஐயத்திற்கிடமின்றிக் காணப்படுவது பெருங்குளத்தில். அக்குளம் 39 அடி நீளமும் 23 அடி அகலமும் 8 அடி ஆழமும் உடையது. அதன் உட்சுவரின் செங்கற்கள் இடைவெளி தோன்றாதவாறு நெருக்கமாக ஜிப்சம் சாந்தில் அமைக்கப்பட்டுள்ளன. அச்சுவரின் பின்புறத்தே ஏறத்தாழ ஓரங்குலக் கனத்தில் நிலக்கீல் பூசப்பட்டுள்ளது. அதன்பின் மற்றொரு செங்கற்சுவரும், அதற்கும் புறத்தே பச்சைச் செங்கல் அடைப்பும் உள்ளன. நீரை வெளியேற்ற ஆள் நிமிர்ந்து செல்லத்தக்க உயரத்தில் ஒரு கால்வாயும் உண்டு. செங்கற்களைப் படிப்படியாக உள்நோக்கி நீட்டி அதன் மேற்கூரையை மூடியுள்ளனர். அமைப்பின் அருமையை எவரும் மறுக்கவியலாது. ஆயினும் இங்கு நிலக்கீலின் தொழில் யாது? குளத்து நீர் வெளியேறாமற் காப்பதே. நிலத்து நீர் உள்ளேறாமற் காப்பதன்று. நீர் புகாப் பொருளை அவர்கள் அறிந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படும். அப்பொருளை வீட்டுச் சுவர்களின் அடியிற் கிடைவரியாக இட்டு ஓதத்தை மறித்தனர் என்பது இதனாற் பெறப்படாது. அறிந்ததனைத்தும் ஆண்டனர் எனக் கொள்வது ஆராய்ச்சி நெறியன்று.

அவ்வாறாயின் வீடுகளின் அடித்தளம் எதனாற் காக்கப்பட்டது? மூன்று வழிகளைக் காணலாம்.

முதலாவது, வீட்டினுட் சிந்திய நீரைத் தேங்கவிடாது வெளியேற்றியமை. குளியலறைத் தரையின் செங்கற்கள் விளிம்பு தேய்க்கப்பட்டு, இடைவெளி சிறிதும் தோன்றாவண்ணம் பொருத்தப்பட்டன. தரை ஒரு மூலையை நோக்கிச் சரிந்திருக்கும். அம்மூலையினின்று நீர் சுவரைத் துளைத்துத் தெருவிலுள்ள கால்வாயிற் சென்று விழும். மேன்மாடத்து நீரை இறக்கச் சுடுமண் குழாய்களை ஒன்றனுள் ஒன்று செருகிச் சுவரினுட் பதித்தமையும் உண்டு. தெருக்கால்வாய்கள் செங்கல்லாலோ கற்பலகையாலோ மூடப்பட்டிருந்தன. இடையிடையே கசடு படியும் குழிகளும் இருந்தன. மணிமேகலையில் வரும் ‘சுருங்கை’ என்னும் சொல்லுக்கு உரை காண்போர் இக்கால்வாய்களை நினைவுகூர்வது பயன்தரும். ‘அங்கணம்’ என்பதோ வேறொரு சிக்கல்: திருக்குறள் உரைகாரர் அதனை முற்றமென்பர், பிற்கால வழக்கு அதனைக் கழிநீர்த் தாரை என்னும். நீர் விழும் முற்றமும் அந்நீர் ஓடும் தாரையும் ஒரே பெயர் பெற்றமை பொருத்தமே.

ஆனால் இவ்வமைப்பிற் குறையும் உண்டு. புகழ்ந்துரைப்போர் இதனைக் கூறுவதில்லை. எல்லா வீடுகளும் கால்வாயோடு இணைக்கப்படவில்லை. சில வீடுகளின் நீர் சுவரோரத்துப் புதைத்த சாடிகளில் விழுந்தது. அவற்றுட் சிலவற்றின் அடி துளையிடப்பட்டிருந்தது. அத்துளை வழியே நீர் மண்ணிற் சுவறும்; அதாவது, வீட்டினின்று வெளியேற்றிய நீரை வீட்டின் கடைக்காலுக்கு அருகிலேயே நிலத்திற்கு ஊட்டினர். சிக்கலின் ஒரு பாதியைத் தீர்த்து மறுபாதியை வளர்த்த செயல் இது.

இரண்டாவது, கிணறுகள். மொகஞ்சதரோவில் ஏறத்தாழ 700 கிணறுகள் இருந்திருத்தல் கூடும் என மைக்கேல் யான்சன் கணித்துள்ளார். ஆப்புவடிவச் செங்கற்களை வட்டமாக அடுக்கிக் கட்டிய இக்கிணறுகள், புறமண்ணின் அழுத்தத்தால் மேலும் இறுகுமேயன்றிச் சரியா. இத்துணைக் கிணறுகளினின்றும் நாள்தோறும் நீர் இறைக்கப்பட்டமையால் நகரத்தின் அடியில் நீர்மட்டம் ஒருசிறிது தாழ்ந்திருத்தல் வேண்டும் என்பது என் ஊகம். இது ஓதத்தைக் கருதிச் செய்ததன்று. குடிநீர் கருதிச் செய்தது. ஆயினும் பயன் விளைந்திருக்கும்.

மூன்றாவதே தலையாயது. அவர்கள் அடித்தளத்தைக் காத்தனர் என்பதினும், அதனை விட்டு மேலேறினர் என்பதே பொருந்தும். கோட்டைப் பகுதி பச்சைச் செங்கல்லாலான பெரிய மேடையின்மேல் எழுப்பப்பட்டது. வீடுகளோ, பழைய சுவர்களின் அடிப்பகுதியையே கடைக்காலாகக் கொண்டு, பழைய அறைகளைப் பச்சைச் செங்கல்லாலும் இடிபாட்டு மண்ணாலும் தூர்த்து, அவற்றின்மேல் மீண்டும் மீண்டும் கட்டப்பட்டன. தெரு உயருந்தோறும் வாயிற்படி உயர்ந்தது. பழைய வாயில் அடைக்கப்பட்டது. கிணற்றின் வாயும் உடனுயர்ந்தது. இன்று அகழ்வாளர் சுற்றியுள்ள மண்ணை நீக்கியபின் அக்கிணறுகள் ஆலைப் புகைபோக்கி போல நெடிது நிற்பதைக் காண்போர், தலைமுறை பல மேன்மேலும் அடுக்கிய உயர்ச்சியையே காண்கின்றனர். உவர் அரித்த கீழ்ச்சுவர் மண்ணினுட் புதைந்தது; புதிய சுவர் உலர்ந்த மேட்டின்மேல் எழுந்தது. ஓதத்திற்கு இதனினும் உறுதியான மருந்து அக்காலத்தில் வேறில்லை எனலாம்.

அக்கால நீர்மட்டம் யாது? மார்ட்டிமர் வீலர் 1950-இல் நகரத்தின் அடிமட்டத்தைக் காண முயன்றார். நீரிறைக்கும் பொறிகளை அமைத்துத் தோண்டியும், ஊற்றுநீர் பக்கங்களை அரித்துச் சரித்தமையால் அம்முயற்சி நிறைவுபெறவில்லை. பின்னர் 1964–65-இல் ஜார்ஜ் டேல்ஸ் துளையிட்டு நோக்கியபோது, இற்றைச் சமவெளிக்கு வெகு கீழேயும் மக்கள் வாழ்ந்த தடயம் கிடைத்தது. மக்கள் நீரினுள் வீடு கட்டியிரார். ஆகவே, அத்தரைகள் கட்டப்பட்ட காலத்தில் நிலத்தடி நீர் இன்றைய மட்டத்தினும் மிகத் தாழ இருந்தது என்பது தெளிவு. சிந்து ஆறு ஆண்டுதோறும் படிவித்த வண்டலால் சமவெளி உயர்ந்தது, நீரும் உடனுயர்ந்தது.

இவ்வியற்கை ஏற்றத்தோடு செயற்கை ஏற்றமொன்றும் சேர்ந்தது. 1932-இல் சக்கர் அணை நிறைவெய்தியது. ஆண்டு முழுவதும் கால்வாய்ப் பாசனம் நிகழ்ந்தது. நகரைச் சூழ்ந்த நிலங்களில் நெல் விளைந்தது. பாலைக்கு அணித்தான நிலம் பயிர்நிலமாயிற்று என உழவர் மகிழ்ந்தனர், அம்மகிழ்ச்சி தக்கதே. ஆனால் கால்வாய் கசிந்த நீர் நிலத்தடி நீரை உயர்த்த, மொகஞ்சதரோவின் சுவர்கள் உப்புநீரை உறிஞ்சத் தலைப்பட்டன.

சுவர் அழிவது ஈரத்தாலன்று, ஈரம் சுமந்துவரும் உப்பால் என்பதை ஈண்டு வலியுறுத்தல் வேண்டும். செங்கல்லின் நுண்புழைகள் வழியே நீர் மேலேறுகின்றது. சுவரின் புறமுகத்தை எய்தியதும் நீர் ஆவியாகின்றது, உப்பு எஞ்சுகின்றது. மொகஞ்சதரோ மண்ணில் மிகுந்துள்ள சோடியம் சல்பேட்டு, ஈரம் கிடைத்து வெப்பமும் தணிந்திருக்கும்போது நீரை ஏற்றுப் படிகமாகித் தன் பருமனில் மும்மடங்கிற்கும் மேற்படப் பெருகும். நீர் சேர்ந்த அப்படிகம் 32.4 பாகை செல்சியசுக்கு மேல் நிலைபெறாது. நீரை இழந்து மீண்டும் சுருங்கும். சிந்து நாட்டின் கடுங்கோடையும் குளிர்ந்த மாரியிரவும் இம்மாற்றத்தை ஓயாது நிகழ்த்துகின்றன. பெருகுந்தோறும் செங்கல்லின் உட்புறம் விரிசலுறுகின்றது; இறுதியிற் கைபட்டால் உதிரும் பொடியாகின்றது. ஆண்ட்ரூ கௌடி 1977-இல் இவ்வழிவினை விளக்கினார். காற்றின் ஈரமே இம்மாற்றத்தைத் தூண்டவல்லது. ஆதலின் நிலத்தடி நீரைத் தாழ்த்தினும், முன்னரே சுவரிற் புகுந்த உப்பு தன் தொழிலை நிறுத்துவதில்லை.

இதனினின்று ஒரு கசப்பான உண்மை போதருகின்றது. மண்ணினுட் புதைந்திருந்தபோது அச்சுவர்களுக்குக் காற்றோடு உரசும் முகமில்லை. நீர் ஆவியாதற்கு வழியில்லை. உப்பு படிகமாதற்கும் இடமில்லை. ஏறத்தாழ 4000 ஆண்டுகள் அழியாதிருந்தவை, அகழ்ந்த சில பத்தாண்டுகளிற் பொடியாகத் தொடங்கின. உப்பு சுவரை அரிப்பதை மார்ஷல் காலத்து அகழ்வாளரே கண்டெழுதியும், அகழ்வு மேலும் விரிந்ததேயன்றிச் சுருங்கவில்லை. புதியன காணும் வேட்கை அத்தகையது.

யுனெஸ்கோ நிறுவனம் 1974 முதல் 1997 வரை உலகளாவிய பாதுகாப்பு முயற்சியொன்றை நடத்தியது. 1980-இல் நகரம் உலக மரபுச் சின்னமாயிற்று. நகரைச் சுற்றிக் குழாய்க் கிணறுகளை அமைத்து நீரிறைத்தனர். ஆற்றின் போக்கைக் கட்டுப்படுத்தக் கரைகாப்பும் செய்தனர். சுவர்களின் அடியை அறுத்து நீரேறாத வரியைச் செருகும் முறையும் கையாளப்பட்டது. சிந்துவெளியார்க்கு நூலாசிரியர் சிலர் ஏற்றிக்கூறிய அவ்வுத்தி, இவ்வாறு இருபதாம் நூற்றாண்டிற்றான் அவர் சுவர்களுக்குள் வந்துசேர்ந்தது. ஆயினும் பழஞ்சுவரில் இம்முறை முழுப்பயன் தரவில்லை. வரிக்குமேல் எஞ்சிய உப்பு அவ்வாறே நின்றது. பின்னர் முதன்மை பெற்றது எளிய மண்பூச்சேயாம். உப்பற்ற மண்ணைக் குழைத்துச் சுவர்மேற் பூசினால், ஆவியாகும் முகம் செங்கல்லினின்று பூச்சிற்கு மாறுகின்றது. உப்பு பூச்சிற் பூத்து அதனையே உதிர்க்கின்றது. உதிர்ந்த பூச்சை நீக்கிப் புதிது பூசலாம். இதன் குறை, ஓயாது பூசிக்கொண்டேயிருத்தல் வேண்டும் என்பது. பெருமழைக்கு அது நில்லாது என்பதும் 2022 ஆகஸ்டு மழையில் வெளிப்பட்டது. அம்மழையிற் சுவர்கள் சில சரிந்தன.

மொகஞ்சதரோவில் நீரோடு போரிட்ட வீலரே அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1945-இல், புதுச்சேரிக்கு அணித்தான அரிக்கமேட்டை அகழ்ந்தவர். அரிக்கமேடும் கீழடியும் செங்கற் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் உடையன. ஒன்று ஆற்று முகத்திலும் மற்றொன்று வைகையை அணுகியும் உள்ளன. அகழ்ந்த குழிகளைப் பதிவு செய்தபின் மீண்டும் மண்ணிட்டு மூடுவதைக் கண்டு நம்மவர் வருந்துவதுண்டு. வரலாற்றை மறைக்கின்றனர் எனச் சினப்பதும் உண்டு. மேற்கூறியவற்றை எண்ணுவார்க்கு, மூடுதலும் ஒரு காப்பே என்பது புலனாகும். திறந்து வைப்பதாயின், அவ்விடத்து மண்ணின் உப்பையும் நீர்மட்டத்தின் ஏற்றத்தாழ்வையும் முன்னரே அளந்தறிதல் இன்றியமையாதது.

மாணவர் மேற்கொள்ளத்தக்க ஆய்வொன்றும் இவ்விடத்து உளது. பட்டினப்பாலை குறிக்கும் உறைகிணற்றின் இனத்தைச் சார்ந்தவை நம் அகழ்விடங்களிற் பலவாகக் கிடைத்துள்ளன. அவற்றின் உறைகளை எண்ணுகின்றோம், விட்டத்தை அளக்கின்றோம். நீர் எடுத்த கிணற்றின் அடியுறை, அது தோண்டப்பட்ட காலத்துக் கோடை நீர்மட்டத்தை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழோ நின்றிருத்தல் வேண்டும். கழிநீர் சுவறவிட்ட உறைக்குழிகளை முதலிற் பிரித்தொதுக்கி, எஞ்சியவற்றின் அடிமட்டத்தைக் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டு ஊர்தோறும் குறித்து வருவோமாயின், அவ்வூர் மனைகள் எத்துணை உலர்ந்த மண்ணில் நின்றன என்பதை அளவோடு கூறவியலும்.