சுவரில்லா மணவறை

‘தலாமஸ்’ என்று நம் பள்ளிப் பாடநூல்கள் எழுத்துப்பெயர்த்துக்கொண்ட சொல், மூளை நூல்களுக்குள் நுழையுமுன் கிரேக்க வீடுகளுக்குள் குடியிருந்தது. அங்கே அதன் ஒலி ‘தலமோஸ்’. பொருள், வெளியார் காலடி படாத உள்ளறை. ஹோமரின் ஒடிஸியில் பெனலோப் தன் கணவனின் வில்லை எடுத்துவரப் போகிறாளே, அந்தக் கடைக்கோடிச் சரக்கறைக்கு அதுதான் பெயர். அவள் கணவன், வேர்விட்டு நின்ற ஒலிவ மரத்தையே கட்டிற்காலாக்கி, அதைச் சுற்றிச் சுவரெழுப்பிக் கட்டிய படுக்கையறைக்கும் அதுதான் பெயர். போர்க்கப்பலின் அடித்தட்டில் இருந்து துடுப்பு வலித்தவர்களைக்கூட அதே அடியிற் பிறந்த பெயரால்தான் கிரேக்கர் அழைத்தார்கள். ஆழம், மறைவு, காவல் என்ற மூன்றும் திரண்ட சொல் அது. நாளடைவில் மணமக்களின் அறை என்ற பொருள் மற்றவற்றை விஞ்சி நிற்க, அவ்வறை வாயிலில் தோழியர் பாடிய வாழ்த்துப் பாட்டு ‘எபிதலாமியன்’ ஆயிற்று.

இந்த வீட்டுச் சொல்லை மண்டையோட்டுக்குள் குடியேற்றியவர், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பெர்காமம் நகரில் பிறந்த மருத்துவர் காலென். மூளையின் நடுவிலுள்ள குழிகளில் நுண்ணிய ஆவி ஒன்று நிறைந்திருக்கிறது, அது உள்ளே துளையுள்ள பார்வை நரம்பின் வழியாகக் கண்ணுக்கு வருகிறது, அதனால்தான் காண்கிறோம் என்பது அவர் கொள்கை. அந்த நரம்பு புறப்படுவதாக அவர் கருதிய, குழியை ஒட்டிய இடத்துக்குத் ‘தலமோஸ்’ என்று பெயரிட்டார். பின்வந்த இலத்தீன் நூலோர் அப்பெயரைப் பக்கத்தில் கிடந்த, ஏறத்தாழ 3 செ.மீ. நீளமுள்ள முட்டைவடிவத் திரள்கள் இரண்டுக்கும் சூட்டி, ‘பார்வை நரம்புகளின் தலமோஸ்’ என்று விரித்துச் சொன்னார்கள். மோப்பம் நீங்கலாக ஏனைய புலன்களின் செய்திகளும் உடலசைவின் கணக்குகளும் அங்கேதான் கைமாறுகின்றன என்று பின்னாளில் தெரிந்தபோது, ‘பார்வை’ என்ற அடைமொழி உதிர்ந்தது. அறை என்ற பெயர் மட்டும், உள்ளே கடுகளவும் வெற்றிடமில்லாத ஒரு திரளுக்கு, நிலைத்துவிட்டது.

அதன் பின்புறப் புடைப்புக்கு உடற்கூற்றறிஞர்கள் ‘புல்வினார்’ என்று பெயர் வைத்தார்கள். உரோமர் தம் தெய்வப் படிமங்களைச் சாய்த்துவைத்து விருந்து படைத்த மெத்தை அது. கிரேக்கரின் மணமக்கள் அறைக்குள் உரோமரின் தெய்வ மெத்தை! இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்க வல்லது நம் ‘பள்ளியறை’. துயிலிடம் என்ற பொருளில் வீட்டுக்கும் பொருந்தும். இரவுப் பூசை முடிந்து சுவாமியை எழுந்தருளச் செய்யும் சந்நிதி என்ற பொருளில் கோயிலுக்கும் பொருந்தும். ‘மணவறை’ என்று சொன்னாலோ இன்னொரு சுவை கூடுகிறது. இன்று அது பூவும் சரிகையும் சுற்றிய மேடை. நான்கு கால்கள் உண்டு, சுவர் கிடையாது, மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேரும் பார்க்கவே அமைந்தது. தலமோஸ் தன் வெற்றிடத்தை இழந்த பின்னும் அறையென்றே வழங்குவதுபோல, நம் மணவறையும் சுவரை இழந்த பின்னும் அறையென்றே வழங்குகிறது. பொருள் நகர்ந்தாலும் பெயர் தன் இடத்தைவிட்டு அசைவதில்லை, சொல்லன்பரே. அதனால்தான் பெயரைத் தோண்டினால் பழைய பொருள் கிடைக்கிறது.

இந்த மணவறைக்குள் மருத்துவர்கள் நெருப்பிட நேர்ந்தது ஒரு நடுக்கத்தை நிறுத்துவதற்காக. நடுக்கத்துக்கு நம்மிடம் சொற்பஞ்சமில்லை: அஞ்சினால் விதிர்விதிர்ப்போம், குளிரில் வெடவெடப்போம், காய்ச்சல் ஏறினால் உதறும், மனம் நிலைகொள்ளாவிட்டால் பதறும். நோயின் பெயராக மருத்துவ வழக்கு தேர்ந்துகொண்டது ‘நடுக்குவாதம்’. நடுங்கு என்பது தன்வினை, நடுக்கு பிறவினை. மெல்லினம் வல்லினமானதும் நடுங்குகிறவன் மறைந்து நடுக்குகிற ஒன்று முன்னே வந்துவிடுகிறது. நடுக்கு என்பதை நடுக்கம் என்னும் பெயராகவே கொள்வாரும் உண்டு. வினைத்தொகையாகக் கொண்டாலோ, நடுக்கிய வாதம், நடுக்குகின்ற வாதம், நடுக்கும் வாதம் என முக்காலமும் கரந்து நிற்கிற அந்தத் தொகை, முக்காலமும் விடாத நோய்க்கு எவ்வளவு பொருத்தம்! வடமொழி வழி வந்த ‘கம்பவாதம்’ என்ற பெயரும் உண்டு. பூகம்பத்தில் அசைகிற கம்பம் அது. வாசலில் அசையாமல் நிற்கிற கம்பம் வேறு வழியில் வந்தது.

இலண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் வெளியிட்ட சிறுநூலும், தலைப்பை அப்படியே தமிழாக்கினால், ‘நடுக்குவாதம் பற்றிய கட்டுரை’தான். அதில் வரும் ஆறு நோயருள் சிலரை அவர் தெருவில் கண்டு கவனித்திருந்தார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ, இந்நோயில் தசைகள் வலுவிழந்து செயலற்றுப்போவதில்லை, நடுங்காத நோயரும் இருக்கிறார்கள், ஆகவே பழைய பெயரின் இரு பாதிகளும் தவறு என்று சொல்லி, பார்க்கின்சன் பெயரையே நோய்க்குச் சூட்டினார். தமிழ்ப் பெயர் இந்தத் தடையில் பாதிக்குத் தப்பிவிடும். நமக்கு வாதம் என்பது முடக்கம் மட்டுமன்று, குறளின் மருந்து அதிகாரத்தில் வளி என்று வருகிற அந்த அடிப்படைக் கூறும்தான்.

அந்த நடுக்கத்தைச் சற்று அருகில் போய்ப் பாருங்கள். கை மடியில் ஓய்ந்து கிடக்கும்போதுதான் அது வரும். ஒரு நொடிக்கு 4 முதல் 6 முறை, கட்டைவிரல் ஆள்காட்டிவிரலின் மேல் உரசி உரசி உருளும். எதையேனும் எடுக்கக் கை நீண்டால் பெரும்பாலும் தணிந்துவிடும். மேலைநாட்டு மருத்துவர் இதை ‘மாத்திரை உருட்டல்’ என்றார்கள், மருந்துக்கடையில் கையால் மாத்திரை உருட்டிய காலத்து நினைவாக. நமக்கோ மாத்திரை மருந்தும் ஆகும், விரல் நொடிக்கும் காலஅளவும் ஆகும். உருள்கிற விரலுக்கு இரு பொருளும் பொருந்திவருவதைக் கண்டு வியக்காமல் என்ன செய்வது?

தலமோஸோடு ‘தோமே’ சேர, ‘தலமோட்டமி’ என்ற அறுவையின் பெயர் பிறக்கிறது. தோமே என்றால் அறுத்தல். இங்கேதான் தமிழ் தன் கைவரிசையைக் காட்டுகிறது. அறை என்னும் பெயரை அறு என்னும் அடியோடு சேர்த்துப் பார்ப்பது சொல்லாராய்ச்சியாளர் வழக்கம்: பெருவெளியிலிருந்து அறுத்துப் பிரித்த இடம் அறை. கிரேக்கத்தில் இரு வேர்களை ஒட்டவைத்து ஆக்கிய சொல்லுக்குத் தமிழில் இரு பாதியும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. அறையை அறுக்கும் அறுவை! அந்த அறுவைதான் எத்தனை வேடம் போட்டிருக்கிறது. சங்க காலத்தில் அது தறியிலிருந்து அறுத்தெடுத்த துணி. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வணிகர், கத்தி பிடித்தவர் அல்லர். நம் காலத்தில் மருத்துவமனைக்குப் போனால் அறுவைச் சிகிச்சை. மேடைப் பேச்சு நீண்டால் ‘ஒரே அறுவை’.

மூளை அறுவையின் கதை ஒரு கைத்தவறுதலில் திரும்பியது. 1952இல் அமெரிக்க அறுவை மருத்துவர் இர்விங் கூப்பர், நடுக்கத்துக்காக வேறொரு அறுவையைச் செய்துகொண்டிருந்தபோது சிறு நாடி ஒன்று கிழிந்தது. அதைக் கட்டிவிட்டு, திட்டமிட்ட வேலையை நிறுத்திக்கொண்டார். நோயர் விழித்தபோது நடுக்கம் இல்லை, வலிமையும் குறையவில்லை. குருதி எட்டாமல் மூளையின் ஆழத்தில் பட்டுப்போன சிறு இடத்தில்தான் மருந்து இருந்தது. அவ்விடத்தைத் தேடிப் போனவர்கள் தலாமஸில் வந்து சேர்ந்தார்கள். செருமானிய அறிஞர் ஹாஸ்லர் பகுத்துப் பெயரிட்ட ‘கருக்கள்’ என்னும் செல்திரள்களுள் நடுக்கத்துக்குக் குறியான ஒன்றை, கீழ்ப்புறத்து இடைக்கரு என்று பொருள்படும் இலத்தீன் பெயரைச் சுருக்கி மருத்துவர்கள் ‘விம்’ என்கிறார்கள். நம் காதுக்கு விம்மலும் கேட்கும், பாத்திரம் துலக்கும் பொடியும் நினைவுக்கு வரும். 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிய மருத்துவர் இராமமூர்த்தியும் உடன்பணியாற்றிய மருத்துவர் பாலசுப்பிரமணியம் முதலியோரும் 1960களில் இவ்வகை அறுவையில் பெயர் பெற்றார்கள். லெவோடோபா மருந்து வந்ததும் அறுவை பின்னுக்குப் போயிற்று. 1987இல் பிரான்சின் கிரெனோபிளில் பெனபிட், திசுவை அழிக்காமல், விம்மில் விரைந்து துடிக்கும் மின்தூண்டலாலேயே நடுக்கத்தை நிறுத்திக் காட்டினார்.

இன்று கத்தியே இல்லாத தலமோட்டமி வந்துவிட்டது. பெயரில் மட்டும் கத்தி இருக்கிறது. தலையை மழித்து, சட்டகம் பூட்டி, குளிர்ந்த நீர் சூழ்ந்த கவிகைக்குள் வைத்து, நோயரை எம்.ஆர்.ஐ. குழலுக்குள் விழித்த நிலையிலேயே கிடத்துகிறார்கள். 1,024 சிறு உறுப்புகளிலிருந்து செவிக்கு எட்டாத ஒலி புறப்பட்டு, மண்டையோட்டைக் கடந்து, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ஓர் இடத்தில் குவிகிறது. முதலில் திசு சாகாத அளவுக்கு இளஞ்சூடு ஏற்றி, குறி சரிதானா என்று பார்க்கிறார்கள். இடையிடையே நோயர் கையில் எழுதுகோலைக் கொடுத்துச் சுருள்கோடு ஒன்றை வரையச் சொல்கிறார்கள். முதல் சுருள் முள்வேலியாக இருக்கும். வெப்பம் 55 பாகையைத் தாண்டியபின் வரையும் சுருளில் முட்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கோடு கோடாகிறது. பார்க்கின்சன் நடுக்கத்துக்கு இம்முறையை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் ஏற்றது.

மூளையில் ஓரிடத்தைச் சுட்டதற்குக் கை ஏன் அடங்குகிறது? சிறுமூளையின் ஆழ்கருவிலிருந்து கிளம்பும் இழைகள் மறுபுறம் தாண்டி விம்முக்கு வந்து, அங்கிருந்து கைகால் அசைவை ஆளும் மூளைப் புறணிக்குச் செல்கின்றன. டோபமின் என்னும் வேதிப்பொருள் குறைந்த அடிமூளைக் கருக்கள் நடுக்கத்தை மூட்டிவிட, சிறுமூளையும் தலாமஸும் புறணியும் சேர்ந்த அந்த வளையம் அதன் வீச்சைப் பெருக்குகிறது என்பது நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம். அந்த வளையத்தின் கணுவில் விழுவதுதான் இந்தச் சூட்டின் தழும்பு. மூளையில் ஓரிடத்துப் புண் தொலைவிடத்துச் செயலையும் குலைக்கும் என்று 1914இல் சூரிச் நகர அறிஞர் மொனாக்கோவ் சொன்னதை, இன்று படமாகவே பார்க்கிறார்கள்.

இப்படித் தொலைவிடத்துச் செயல் மாறுவதை நாம் பொதுவாக ‘இணைப்பு மாற்றம்’ என்று எழுதிவிடுகிறோம். அங்கேதான் சற்று நிற்க வேண்டும். இழையால் கட்டப்பட்டிருப்பது ஒன்று. இழை நேரே ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு இடங்களின் செயல் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவது வேறொன்று. சும்மா படுத்திருப்பவரின் மூளையிலும் இருபுற இயக்கப் புறணிகள் அப்படி ஒத்து ஏறி இறங்குவதை 1995இல் பரத் பிஸ்வால் குழுவினர் காட்டினார்கள். முன்னதற்கு இணைப்பு சரியான சொல். பின்னதற்கு இணைப்பு போதாது. இயைபு என்று சொல்லலாம். அடிதோறும் இறுதி ஒன்றிவரத் தொடுப்பது இயைபுத்தொடை. அடிகளின் கடைசிச் சீர்களைக் கட்டும் கயிறு எதுவும் இல்லை, ஆயினும் அவை ஒத்திருப்பதைச் செவி அறியும்.

இவ்விரு சொல்லும் கையில் இருந்தால் ஆய்வு முடிவுகளைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். அறுவையால் விம்மின் வழிச் செல்லும் இணைப்பு ஒரு சிறு பகுதியில் அற்றுப்போகிறது. இயைபோ மூளை நெடுக மாறுகிறது. தலாமஸுக்கும் இயக்கப் புறணிக்கும் சிறுமூளைக்கும் இடையே சில இயைபுகள் தளர்கின்றன, சில இறுகுகின்றன. எது கூடும் எது குறையும் என்பதில் ஆய்வுகள் ஒருமிக்கவில்லை, அறுவைக்குப் பின் கழிந்த காலத்தைப் பொறுத்தும் அது வேறுபடுகிறது. காமாக்கதிரால் இதே கருவைச் சுட்ட, பார்க்கின்சன் அல்லாத இன்னொரு வகை நடுக்க நோயரிடம், பார்வைப் புறணிப் பகுதிகளிலும் மாற்றத்தைக் கண்டிருக்கிறார்கள். காலென் தவறான காரணத்துக்காகச் சூட்டி, பின்வந்தோர் கழற்றிப் போட்ட ‘பார்வை’ என்ற அடைமொழி, வேறொரு வாசல் வழியாக உள்ளே எட்டிப் பார்க்கிறது.

கை ஓய்ந்ததைக் கண்ட வீட்டார், “நடுக்கம் நின்னுடுச்சே டாக்டர், நோய் போயிடுச்சா?” என்று கேட்பது இயல்பு. போகவில்லை. டோபமின் சுரக்கும் செல்கள் தொடர்ந்து குறைகின்றன. அசைவின் மந்தமும் உடல் இறுக்கமும் தம் வழியே நடக்கின்றன. மாத்திரையை நிறுத்த முடியாது. நடுக்குவாதம் என்னும் தொகையில் முன்சொல்லை மட்டுமே அறுவை எடுக்கிறது. பின்சொல் அங்கேயே இருக்கிறது.