தோலை உரித்து உப்புக்கண்டம் போடுதல்

தோலை உரித்து உப்புக்கண்டம் போடுதல் என்பது எதிராளியை மிரட்டத் தமிழர் பேச்சில் வழங்கும் தொடர். 'தோலை உரிச்சிடுவேன்', 'முதுகுத் தோல் உரிஞ்சிடும்' என்பவை இதன் சுருங்கிய வடிவங்கள். கடுமையாக அடிப்பேன் என்பதே பொருள். பிள்ளையைப் பள்ளியில் விட வந்த தகப்பன் 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்' என்று வாத்தியாருக்கு அனுமதி கொடுத்ததும் இந்தப் பொருளில்தான். பள்ளியில் உடல் தண்டனையை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் தடைசெய்த பிறகு அந்த அனுமதி செல்லாது. பத்திரிகைகள் 'தோலுரித்துக் காட்டினார்' என்று எழுதுவது இதிலிருந்து வேறு. அது பொய்யை அம்பலப்படுத்துவது.

தோலும் உப்பும் சேர்ந்தே வருவதால், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் பதனிடும் வட்டாரத்தில் இது பிறந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அழுகாமல் இருக்க உப்பிட்டே இங்கு வந்து சேர்கின்றன. ஊகத்துக்கு அவ்வளவு இடம் உண்டு. ஆனால் தொடரின் பின்பாதி அதை மறுக்கிறது. உப்புக்கண்டம் என்பது கறி. ஆட்டுக்கறியை வார்வாராக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைப்பது வீட்டு வேலை. மிரட்டுகிறவன் தோலை உரித்து எறிந்துவிட்டுக் கறியை எடுத்துக்கொள்கிறான். தோல் வியாபாரிக்கோ தோல்தான் முதல். உரிக்கும்போது ஒரு கத்திவெட்டு விழுந்தாலே விலை இறங்கிவிடும் என்பதால், கோபத்தில் உரிப்பது அவருக்கு நஷ்டக் கணக்கு. சுண்ணாம்புத் தொட்டி, ஆவாரம்பட்டை, கடுக்காய் என்று இந்தத் தொழிலுக்கே உரிய எதுவும் மிரட்டலுக்குள் வரவில்லை. கசாப்புக் கடையிலும் அடுப்படியிலும் பிறந்த பேச்சு இது என்று கொள்வதே பொருந்தும்.

உருதுவிலும் 'கால் உதேட்னா', அதாவது தோலைப் பிய்த்தெடுப்பது, அடிப்பதைக் குறிக்கிறது. வாணியம்பாடியில் உருது பேசுவோர் கணிசம். அங்கிருந்து தமிழுக்கு வந்திருக்கலாமே என்று கேட்டால், சினத்தில் தோலுரிக்கும் படிமம் தமிழில் அதைவிடப் பழையது. யானையை உரித்துப் பச்சைத்தோலைப் போர்த்த சிவனைத் தேவாரம் பாடியது ஏழாம் நூற்றாண்டில். மயிலாடுதுறைப் பக்கம் வழுவூர் அந்தக் கதைக்குரிய வீரட்டத் தலம். ஆடு அறுக்கும் எந்த ஊரிலும் தானாகவே தோன்றக்கூடிய பேச்சுக்குக் கடன் கணக்கு எழுத வேண்டியதில்லை. ஆங்கிலம்தான் ஒரு படி மேலே போயிற்று. 'உன் தோலைப் பதனிட்டுவிடுவேன்' என்று அங்கே மிரட்டுவார்கள். பதனிடுதலுக்கு அடித்தல் என்ற பொருள் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஏறிவிட்டது. தமிழில் அந்தப் படி இல்லாமல் போனதற்குச் சாதியே காரணம் என்று தோன்றுகிறது. பதனிடும் வேலையைச் சிலர் தலையில் கட்டி ஊருக்கு வெளியே தள்ளிவைத்தார்கள். ஊருக்குள் இருந்தவர்கள் கண்ணால் பார்க்காத வேலையிலிருந்து அவர்கள் பேச்சுக்கு உவமை எப்படி வரும்?

தோல் தமிழில் செருப்பாவது நன்றி சொல்லும்போதுதான்: 'என் தோலைச் செருப்பாத் தைச்சுப் போட்டாலும் உங்க கடன் தீராது.' பிறர் தோலைச் செருப்பாக்குவேன் என்ற மிரட்டலும் எப்போதாவது காதில் விழும். அது இந்த நன்றிப் பேச்சைத் திருப்பிப் போட்டதாகவே படுகிறது. இரண்டிலும் தோலுக்குரியவன் கீழே, காலுக்குரியவன் மேலே. 'செருப்பால அடிப்பேன்' என்பதில் உறைப்பதும் அடியின் வலியைவிட இந்தத் தாழ்வுதான். இன்று பெரும்பாலான கால்களில் கிடப்பது ரப்பர் செருப்பு. வசையின் காரம் அதனால் குறையவில்லை. ஆம்பூரில் தைத்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் அசல் தோல் ஷூவைச் சொல்லி யாரும் அவ்வளவாகத் திட்டுவதில்லை.