மொழியும் உழைப்பும்: பாஸ்க் மக்கள் கண்ட வழி

ஸ்பெயின் என்றதும் ஸ்பானிய மொழி ஒன்றுதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் கத்தலான், கலீசியன், பாஸ்க் ஆகிய மொழிகளும் அங்கே மக்களின் தாய்மொழிகள். இவற்றுள் பாஸ்க், வேறெந்த மொழிக் குடும்பத்திலும் சேராத தனிமொழி.

1939இல் உள்நாட்டுப் போரில் வென்ற ஜெனரல் பிராங்கோ, இம்மொழிகளைப் பள்ளிகளிலிருந்தும் அரசு அலுவலகங்களிலிருந்தும் ஒதுக்கினார். போர்க்காலத்தில் பாஸ்க் நாளேட்டில் பணியாற்றிய அரிஸ்மெண்டியாரியெட்டா, குருப்பட்டம் பெற்று 1941இல் மொண்ட்ராகோன் ஊருக்கு வந்தார். பணம் உழைப்புக்குத் துணையாக இருக்கவேண்டுமே தவிர, எசமானாக இருக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. 1943இல் தொழிற்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவருடைய மாணவர்கள் ஐவர் 1956இல் அடுப்பு செய்யும் தொழிற்சாலையை அமைத்தனர். அது கூட்டுறவாக வளர்ந்தது. போட்ட பணம் எவ்வளவானாலும் ஆளுக்கு ஒரே வாக்குதான்.

மொழியைக் காக்கவும் பாஸ்க் மக்கள் இவ்வழியையே நாடினர். 1960களில் பெற்றோர் பணம் திரட்டி, 'இகஸ்தோலா' எனும் தாய்மொழிப் பள்ளிகளை நடத்தினர். அவற்றில் பல, பெற்றோர் கூட்டுறவுகளாகவே இயங்கின.

1975இல் பிராங்கோ மறைந்தார். 1979இல் வந்த தன்னாட்சிச் சட்டம், பாஸ்க் வட்டாரத்தில் அம்மொழியை ஸ்பானியத்துடன் சேர்த்து ஆட்சிமொழியாக்கியது. சட்டம் வந்த நாளில், அம்மொழியில் படித்த பிள்ளைகள் ஏற்கெனவே இருந்தார்கள். உரிமை வரட்டும் என்று காத்திராமல் பெற்றோர் தம் கையிலிருந்து கொடுத்த காசின் பலன் அது.