ஊவாத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழுவும் ஈரல் நோயும்

பதுளை, பசறை, பண்டாரவளை முதலிய ஊவாப் பகுதிகளுக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்றாகும். அம்மழையில் நனைந்த மண்ணிலே வெறுங்காலுடன் கொழுந்து கொய்த தமிழ்த் தொழிலாளர் சென்ற நூற்றாண்டில் எதிர்கொண்ட நோய்களுள் கொழுக்கிப்புழு நோய் கொடியது. லயங்களில் மலகூடம் இன்மையால் மண்ணிற் கலந்த புழு, பாதத்தின் தோலைத் துளைத்துக் குருதிவழியே நுரையீரலை அடைந்து, தொண்டை வழியாகச் சிறுகுடலுக்கு இறங்கி, இரத்தத்தை உறிஞ்சும். அதனால் விளைந்த சோகையைத் தொழிலாளரின் சோம்பலென்று கொண்ட துரைமாரும் உளர்.

தோட்ட மக்களின் மருத்துவ வசதிக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது 1872 இலாகும். எனினும், கொழுக்கிப்புழுவை ஒழிக்கும் முயற்சி றொக்பெல்லர் தாபனத்தின் துணையோடு 1916 இலேயே இலங்கைத் தோட்டங்களில் தொடங்கிற்று. முதலிற் கொடுக்கப்பட்ட கீனோப்போடிய எண்ணெய் குமட்டலும் மயக்கமும் விளைப்பது. மலகூடம் கட்டுதற்குச் செலவிடத் துரைமார் பலர் விரும்பாமையின், மருந்தின் மீதே நம்பிக்கை பெரிதும் வைக்கப்பட்டது.

இந்நிலையில், 1921 இல் அமெரிக்கரான மோரிஸ் ஹோல், காபன் தெற்றாக்குளோரைட்டு நாய்களின் குடலிலுள்ள கொழுக்கிப்புழுவைக் கொல்வதைக் கண்டார். தாமும் அதனை உட்கொண்டு பார்த்தார். விலை மலிவு, ஒரே வேளை மருந்து. தோட்டத்துக்கு இதனினும் வாய்ப்பானது வேறு யாது? 1922 இலேயே நிக்கொல்ஸ், ஹம்ரன் என்போர் இலங்கையில் இதனைப் பயன்படுத்தியமை பற்றி எழுதினர்.

ஆனால், குடற்புழுவைக் கொல்லும் அம்மருந்து ஈரலைத் தாக்கும் இயல்பினது. ஈரலில் அது சிதைந்து நச்சுக் கூறாகி, அங்கு உண்டாகும் கொழுப்பு வெளியேறும் வழியைத் தடுக்கின்றது; கொழுப்புத் தேங்கி, ஈரற் கலங்கள் அழிகின்றன. மது அருந்துவோர்க்கு இக்கேடு மிகும். கள்ளும் சாராயமும் உழைப்பின் களைப்புக்கு மருந்தெனக் கொள்ளப்பட்ட லயங்களில் இது சிறிய செய்தியன்று. இம்மருந்து ஈரலில் விளைக்கும் மாற்றம் பற்றி டொக்கர்ட்டியும் பேர்ஜஸ்சும் 1922 இலும், மருந்துண்டபின் இறந்த மூவரின் பிரேத பரிசோதனை பற்றி டொக்கர்ட்டியும் நிக்கொல்சும் 1923 இலும் எழுதியமை, ஐயம் அக்காலத்திலேயே எழுந்ததென்பதற்குச் சான்றாகும்.

புழுவே ஈரலிற் கொழுப்பை வளர்த்ததன்று. புழுவை ஒழிக்க வந்த மருந்தே அவ்வழியைத் திறந்தது. 1925 இல் ஹோலும் ஷிலிஞ்சரும் தெற்றாக்குளோரோ எதிலீனை முன்வைத்தபின், பழைய மருந்து படிப்படியாகக் கைவிடப்பட்டது. ஆயினும் மருந்துண்டு தேறி, மலகூடமில்லாத லயத்துக்கே திரும்பியவரின் பாதத்தில் மீண்டும் புழு ஏறிற்று.